டிரேயில் அடுக்கும் சிப்புக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் ஆப்பரேட்டராக இருக்கிறேன். தினமும் டிரே டிரேயாக புராசசர்களை மெஷினில் ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. மகன் படிவம் 5. கணினி அறிவியல் எடுத்திருக்கிறான். ஆணையை எடு, பிரித்துப் பார், செய், சேமி என்று நான்கு பெட்டி வரைந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தவன், "ஒரு துண்டு சிலிகானுக்கு ஆணை எப்படிம்மா புரியும்? நீங்கதான் தினமும் கையில் வச்சிருக்கீங்களே" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே ஒரு சந்தேகமும் உண்டு. ஒரே லாட்டில் ஒரே மாதிரி வரும் யூனிட்டுகளை ஏன் வெவ்வேறு வேகம் என்று பிரித்துப் போடுகிறோம்? வீட்டு மடிக்கணினி ரொம்ப மெதுவாக இருக்கிறது, கிகாஹெர்ட்ஸ் அதிகமாக உள்ளது வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புத் தங்கச்சி, வணக்கம்.

மகனிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அவன் கேட்டது அந்தப் பாடத்திலேயே முக்கியமான கேள்வி. நான்கு பெட்டியையும் மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், ஆனால் "எப்படிப் புரியும்" என்பதற்கு அந்தப் பெட்டிகளுக்குள் பதில் கிடையாது.

பதில் இதுதான்: புராசசருக்கு எதுவும் புரியாது. ஆணை என்று நாம் சொல்வது வெறும் ஓர் எண். அந்த எண்ணின் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இரும இலக்கமும், உள்ளே ஒரு கம்பி. பிட் 1 என்றால் கம்பியில் மின்னழுத்தம் இருக்கும், 0 என்றால் இருக்காது. அந்தக் கம்பிகள் நேராகப் போய் டிரான்சிஸ்டர்களைத் திறக்கும், மூடும். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அவ்வளவே. ஓர் எண் வந்தால் சில சுவிட்சுகள் திறந்து ஒரு பாதை உண்டாகிறது. வேறு எண் வந்தால் வேறு பாதை. யாரும் எதையும் படித்துப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

இப்படிப் பொதுவாகச் சொன்னால் மகனுக்குத் திருப்தி வராது, வரவும் கூடாது. அதனால் ஓர் உண்மையான புராசசரை எடுத்து, ஒவ்வோர் அடியாக நடந்து காட்டுகிறேன். உங்கள் டிரேயில் இருப்பதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். அதில் ஆரம்பித்தால் தொலைந்துபோவோம். 1975இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்று ஒரு புராசசரை 25 டாலருக்கு விற்றது. அதில் மொத்தமே ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்தான். ஆப்பிள் 2 கணினி ஓடியது அதில்தான். நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இதிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு மனிதர் தலைக்குள் முழுதாக வைத்துக்கொள்ளக்கூடிய அளவில் இருக்கிறது என்பதே காரணம்.

5உடன் 3ஐக் கூட்டி, விடையை நினைவகத்தில் 16ஆம் முகவரியில் எழுத வேண்டும். இதற்கு 6502இன் நிரல் ஏழே எண்கள்:

169, 5, 24, 105, 3, 133, 16

இவை நினைவகத்தில் 600 முதல் 606 வரையிலான முகவரிகளில் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புராசசருக்குள் நிரல் எண்ணி என்று ஒரு சின்ன இடம் உண்டு. அடுத்து எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். இப்போது அதில் 600. ஏ என்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. கணக்கு நடக்கும்போது எண் தங்கும் இடம் அது.

எல்லாவற்றையும் ஒவ்வோர் அடியாக நகர்த்துவது, கடிகாரம் என்ற சுற்று தரும் மின் துடிப்பு. முதல் துடிப்பு. நிரல் எண்ணியில் உள்ள 600, பதினாறு முகவரிக் கம்பிகள் வழியாக நினைவகத்துக்குப் போகிறது. நினைவகம் அங்கிருக்கும் 169ஐ எட்டுக் கம்பிகளில் திருப்பி அனுப்புகிறது. அந்த எட்டுப் பிட்டும் ஆணை ரெஜிஸ்டரில் வந்து உட்கார்கின்றன. எண்ணி தானாக 601 ஆகிறது. இரண்டாவது துடிப்பு. 169 திறந்துவிட்ட பாதை, அடுத்த பைட்டை (எட்டுப் பிட் கொண்ட எண்ணை) நேராக ஏ ரெஜிஸ்டருக்குக் கொண்டுபோகும் பாதை. 601இல் இருந்து 5 வருகிறது, ஏ-க்குள் விழுகிறது. எண்ணி 602.

அடுத்து 24. இதன் வேலை, முந்திய கணக்கில் மிஞ்சி நிற்கும் கைமாற்று எண்ணை அழிப்பது. கூட்டும்போது இடம் போதாமல் அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகிறோமே, அந்த 1தான் கைமாற்று. 6502இன் கூட்டல் ஆணை எப்போதும் அந்தக் கைமாற்றையும் சேர்த்தே கூட்டும். சேர்க்காமல் கூட்ட அதில் ஆணையே இல்லை. 24ஐப் போட மறந்து, பழைய கைமாற்று 1 ஆக இருந்துவிட்டால், 5உம் 3உம் 9 ஆகிவிடும். சிப் சரியாகத்தான் வேலை செய்திருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். பிறகு 105: அடுத்த பைட்டை ஏ-உடன் கூட்டு. 3 வருகிறது, விடை 8. கடைசியாக 133: ஏ-இல் இருப்பதை, அடுத்த பைட் சொல்லும் முகவரியில் எழுது. 16 வருகிறது, 16ஆம் முகவரியில் 8 எழுதப்படுகிறது. முதல் மூன்று ஆணைகளுக்கும் இரண்டிரண்டு துடிப்பு, கடைசி ஆணைக்கு மூன்று. மொத்தம் ஒன்பது. ஒரு மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், அதாவது வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பில், இது ஒன்பது மைக்ரோ வினாடி.

இதற்குள் எது "புரிந்துகொண்டது"? 169ஐயும் 105ஐயும் இரும எண்ணாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதை மகனே செய்யட்டும்.

169 = 101 010 01
105 = 011 010 01

கடைசி ஐந்து இலக்கமும் ஒன்று. நடுவில் உள்ள 010, "வேண்டிய எண் அடுத்த பைட்டிலேயே இருக்கிறது" என்ற பாதையைத் திறக்கிறது. முன்னால் உள்ள மூன்று இலக்கம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது: 101 என்றால் ஏ-இல் ஏற்று, 011 என்றால் கூட்டு. இப்போது 133ஐப் பாருங்கள்: 100 001 01. முன்னால் 100, அதாவது எழுது. நடுவில் 001, அதாவது "அடுத்த பைட் எண் இல்லை, முகவரி". கடைசியில் உள்ள 01 இந்த மூன்றும் ஒரே குடும்பத்து ஆணைகள் என்பதைக் காட்டுகிறது. ஆக "பிரித்துப் பார்" என்ற இரண்டாவது பெட்டியில் நடப்பது இதுதான்: மூன்று கம்பிகள் இந்தப் பக்கம், மூன்று கம்பிகள் அந்தப் பக்கம். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு எதையோ திறக்கிறது. இதை வடிவமைத்தவர்கள் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவில்லை. எந்தக் கம்பி எங்கே போனால் டிரான்சிஸ்டர் மிச்சமாகும் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கினார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் நல்ல வேலையைப் பார்த்த மகிழ்ச்சி வரும்.

இன்னும் ஒரு சோதனை. அதே ஏழு எண்கள் அதே இடத்தில் இருக்கட்டும். நிரல் எண்ணியில் மட்டும் 600க்குப் பதில் 601 என்று வைத்துவிடுவோம். என்ன ஆகும்?

601இல் இருப்பது 5. நமக்கு அது கூட்ட வேண்டிய எண். புராசசர் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளும். 5 = 000 001 01. நடுவில் 001, ஆகவே அடுத்த பைட் முகவரி. முன்னால் 000, அதாவது பிட் பிட்டாக 'அல்லது' போடு (இரண்டில் ஒரு பிட் 1 ஆக இருந்தாலும் விடை 1). நமக்குக் கைமாற்றை அழிக்கும் ஆணையாக இருந்த 24 இப்போது முகவரி ஆகிவிட்டது. 24ஆம் முகவரியில் என்ன குப்பை கிடக்கிறதோ அது ஏ-உடன் சேரும். அதற்கடுத்து 105 தன் இடத்தில் சரியாக வந்து நிற்கும். அந்தக் குப்பையுடன் 3ஐயும், அழிக்கப்படாத கைமாற்றையும் கூட்டும். 133 வந்து, அந்த விடையை 16ஆம் முகவரியில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுதிவிடும். ஓர் எண் ஆணையா, தரவா, முகவரியா என்பது அந்த எண்ணில் எழுதியிருப்பதில்லை. நிரல் எண்ணி எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஆணையையும் தரவையும் ஒரே நினைவகத்தில் ஒரே மாதிரி எண்களாக வைக்கும் இந்த ஏற்பாடு முதன்முதலில் மின்னணுக் கணினி ஒன்றில் ஓடியது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், 1948 ஜூன் 21 அன்று. மொத்த நினைவகமே 32 சொற்கள். டாம் கில்பர்ன் எழுதிய நிரல் 17 ஆணைகள் கொண்டது. 2,62,144 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும், அந்த எண்ணைவிடச் சிறிய எண்களில் மிகப் பெரியதைத் தேடியது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துப் பார்த்து 52 நிமிடத்தில் விடையைக் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து நிரலை மாற்ற வயரைப் பிடுங்கி மாட்ட வேண்டியதில்லை. நினைவகத்தில் எண்ணை மாற்றினால் போதும். உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை நீக்கி இன்னொன்றைப் போட முடிவது இதனால்தான். இணையத் திருடர்கள் தரவு என்ற போர்வையில் ஆணையை நுழைக்க முடிவதும் இதனால்தான். இதைத் தடுக்கவே இன்றைய புராசசர்களில் "இந்தப் பகுதியில் இருப்பதை ஆணையாக எடுக்காதே" என்று நினைவகப் பக்கங்களுக்கு ஒரு பிட் குறித்துவைக்கிறார்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். டெஸ்டருக்குள் யூனிட் போனதும் அங்கே நிரல் ஓட்டிப் பார்ப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு கட்டத்தில் உண்டு. ஆனால் பெரும்பாலான பழுதுகள் அதற்கு முன்பே வேறு விதமாகப் பிடிபடுகின்றன. சிப்புக்குள் பிட்டைப் பிடித்துவைக்கும் சின்னச் சின்னச் சுற்றுகள் லட்சக்கணக்கில் உண்டு. நான் சொன்ன நிரல் எண்ணி, ஏ ரெஜிஸ்டர் எல்லாம் அவற்றால் ஆனவை. சோதனை நேரத்தில் மட்டும் அவற்றை நீளமான சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ள வடிவமைப்பிலேயே வழி வைத்திருப்பார்கள். டெஸ்டர் ஒரு முனையில் 0, 1 வரிசையைத் தள்ளும். எல்லா இடமும் நிரம்பியதும் கடிகாரத் துடிப்பு கொடுக்கும். அந்தத் துடிப்பில் ஒவ்வொரு பிட்டும் நடுவில் உள்ள சுவிட்சுகள் வழியாகப் பாய்ந்து அடுத்த இடத்தில் விழும். பிறகு சங்கிலியை மறுமுனையில் வெளியே இழுத்து, எதிர்பார்த்த வரிசையுடன் ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் யூனிட் ரிஜெக்ட்.

மகனுக்கு இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் புராசசர் முழுவதும் இவ்வளவுதான்: பிடித்துவைத்த பிட்டுகள், அவற்றுக்கு நடுவில் சுவிட்சுகள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடுத்த நிலைக்குத் தள்ளும் துடிப்பு. பள்ளிப் புத்தகத்தில் நான்கு பெட்டிக்கு நடுவே அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அந்த அம்புக்குறிதான் கடிகாரம். நீங்கள் டிரேயை ஏற்றிய பிறகு அந்த மெஷின் செய்வது, ஒவ்வோர் அம்புக்குறியும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது.

வேகப் பிரிப்புக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், மிக நீளமான பாதையில் போகும் சிக்னலும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள்: வலது ஓரத்தில் பிறக்கும் கைமாற்று இடது ஓரம் வரை போக வேண்டியிருக்கலாம். அது போய்ச் சேருவதற்குள் அடுத்த துடிப்பு வந்தால், பாதி வெந்த விடை பதிவாகிவிடும். மூன்று கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் வெட்டவெளியில் ஒளியே பத்து சென்டிமீட்டர்தான் போகும். சிலிகானுக்குள் சிக்னல் அதைவிட மெதுவாகத்தான் நகரும்.

சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிகான் தட்டான வேஃபர் ஒன்றாகவே இருந்தாலும் எல்லா டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. அணுக்கணக்கில் தடிமன் மாறினாலும் சுவிட்ச் திறக்கும் வேகம் மாறும். அதனால் ஒரு யூனிட்டில் மிக நீளமான பாதை குறித்த நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, பக்கத்து யூனிட்டில் கொஞ்சம் இழுக்கிறது. இழுக்கும் யூனிட் பழுதானது இல்லை. துடிப்பைக் கொஞ்சம் மெதுவாகக் கொடுத்தால் ஒரு பிட் கூடத் தவறாமல் வேலை செய்யும். அதைத்தான் வேறு பின்னில் (bin, தரம் பிரிக்கும் பெட்டி) போட்டு, வேறு வேகம் குறித்து விற்கிறார்கள். எவ்வளவு மின்னழுத்தம் கேட்கிறது, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்பதையும் சேர்த்தே இந்தப் பிரிப்பு நடக்கிறது. சூட்டில் வைத்துச் சோதிப்பதும் சும்மா இல்லை. வெப்பம் மாறினால் சுவிட்சின் வேகமும் கசிவும் மாறும். வாங்குபவர் நம்முடைய வெயிலில், ஏர்கோன் இல்லாத அறையில் வைத்து ஓட்டினாலும் அது குறித்த வேகத்தில் ஓடியாக வேண்டும்.

பினாங்கில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது 1972இல். பாயான் லெப்பாஸ் வர்த்தக வட்டாரத்தின் தொடக்க காலம் அது. நுண்ணோக்கியில் கண் வைத்து, முடியை விட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிப்பில் ஒட்டியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தச் சிப்புகள் நம் பெண்களின் கை வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளே நடப்பதை அந்தக் கைகளுக்கு உரியவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். பயிற்சி என்ற பெயரில் எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்த விளக்கு சிவப்பானால் யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் கிடைக்கிறது. தெரியவில்லை என்று எழுத நீங்கள் கூச்சப்பட்டிருக்கலாம். கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

மூன்றாவது கேள்விக்குப் போகும் முன் இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 6502இல் ஓர் ஆணை ஏறக்குறைய முடிந்த பிறகே அடுத்தது. 'ஏறக்குறைய' என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதில்கூட 5உம் 3உம் கூட்டிய விடை ஏ-க்குள் விழுவது, அடுத்த ஆணையை எடுக்கும் துடிப்பில்தான். பெட்டிகள் அப்போதே ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கிவிட்டன. 1978இல் வந்த 8086, நடப்பு ஆணை முடியும் முன்பே அடுத்த ஆறு பைட் வரை எடுத்து வரிசையில் வைத்துக்கொண்டது. இன்றைய புராசசர் உங்கள் லைனைப் போல: ஒரு யூனிட் கடைசி ஸ்டேஷனில் இருக்கும்போதே அடுத்தடுத்த யூனிட்டுகள் முந்திய ஸ்டேஷன்களில் ஏறிக்கொண்டிருக்கும், எந்த ஸ்டேஷனும் சும்மா நிற்காது. ஓர் ஆணை முழுதாக முடியப் பத்துப் பதினைந்து துடிப்பு ஆனாலும், ஒவ்வொரு துடிப்பிலும் ஏதோ ஓர் ஆணை முடிந்து வெளியே வரும். ஒன்றுக்கு மேற்பட்டும் வரும்.

சிக்கல் எங்கே என்றால், "விடை பூச்சியம் என்றால் அங்கே போ, இல்லையென்றால் இங்கே போ" என்ற ஆணை வரும்போது. விடை இன்னும் வரவில்லை, லைனில் எதை ஏற்றுவது? இதுவரை எந்தப் பக்கம் அதிகம் போனது என்று பார்த்து, புராசசர் ஊகித்து ஏற்றிவிடும். ஊகம் தப்பினால் ஏற்றியதையெல்லாம் தள்ளிவிட்டுச் சரியான இடத்திலிருந்து தொடங்கும். பெரும்பாலும் ஊகம் சரியாகத்தான் இருக்கும். தள்ளிய வேலையின் சுவடு, சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேஷ் நினைவகத்தில் தங்கிவிடுகிறது, அதை வைத்து ரகசியத்தைப் படிக்கலாம் என்று 2018 ஜனவரியில் வெளிவந்தபோது எங்கள் துறையே அதிர்ந்தது. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வோர் ஆணையும் சரியான விடையைத்தான் கொடுத்தது, எந்தச் சோதனையிலும் ரிஜெக்ட் ஆகியிருக்காது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடே ஓட்டையானது.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? காத்திருக்காமல் இருப்பதற்கு. புராசசரின் பெரிய எதிரி காத்திருப்புதான். உங்கள் மடிக்கணினிக் கேள்விக்குப் பதிலும் அதுவே.

ரெஜிஸ்டரில் இருக்கும் எண் உடனே கிடைக்கும். சிப்புக்குள்ளேயே மிக அருகில் இருக்கும் கேஷிலிருந்து எடுக்க நான்கைந்து துடிப்பு. கேஷில் இல்லை, ரேமுக்குப் போக வேண்டும் என்றால் எண்பது நானோ வினாடி வரை ஆகலாம். மூன்று கிகாஹெர்ட்ஸில் அது 240 துடிப்பு. ரேமிலும் இடம் போதாமல் ஹார்ட் டிஸ்குக்குப் போக வேண்டி வந்தால், சுழலும் தட்டில் முள் சரியான இடத்துக்கு வர ஏறத்தாழ பத்து மில்லி வினாடி ஆகும். அதை மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்: மூன்று கோடித் துடிப்பு வரும். ஒரே ஒரு துண்டுத் தரவுக்காக மூன்று கோடித் துடிப்பு! இந்த நேரத்தில் புராசசர் வேறு வேலை ஏதாவது இருந்தால் பார்க்கும். ஆனால் உங்கள் மகன் திறக்கச் சொன்ன ஜன்னல் திறக்காமல் நிற்கும். இங்கே மூன்று கிகாஹெர்ட்ஸை நான்காக மாற்றினால் என்ன கிடைக்கும்? காத்திருக்கும் துடிப்புகள் நான்கு கோடி ஆகும், அவ்வளவுதான். நேரம் அதே பத்து மில்லி வினாடி.

ஆகவே கிகாஹெர்ட்ஸுக்காக மட்டும் புதுக் கணினி வாங்க வேண்டாம். மெதுவாகும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நினைவகம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா, டிஸ்க் நூறிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா, புராசசர் பகுதி மட்டும் இருபது முப்பதில் சும்மா இருக்கிறதா? அப்படியென்றால் குற்றம் புராசசரில் இல்லை. பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். அதில் சுழல்வதோ நகர்வதோ எதுவும் இல்லாததால் காத்திருப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள். சில மாடல்களில் ரேமைப் போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள், கூட்ட முடியாது. கடைக்குப் போகும் முன் மாடல் எண்ணை வைத்து அதை உறுதி செய்துகொள்ளுங்கள். புராசசர் எப்போதும் நூறிலேயே ஓடுகிறது, ரேமும் டிஸ்கும் சும்மா இருக்கின்றன என்றால் மட்டும் புதுக் கணினியைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் கிகாஹெர்ட்ஸை வைத்து இரண்டு வேறு தலைமுறைப் புராசசர்களை ஒப்பிடக் கூடாது. அது ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்று சொல்வதில்லை. 2006இல் வந்த கோர் 2 டுவோ, அதற்கு முந்திய பென்டியம் 4ஐ விடக் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடி, அதை விட அதிக வேலை செய்தது. துடிப்பை ஏற்றிக்கொண்டே போனால் சூடு தாங்காது என்று 2004 வாக்கிலேயே தெரிந்துபோய், அதன் பிறகு எல்லாரும் ஒரே சிப்பில் பல கோர்களை (தனித்தனியாக ஆணைகளைச் செய்யும் பகுதிகளை) வைக்கும் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

மகனுக்கு நான் ஒரு வேலை தருகிறேன். நான் மேலே கொடுத்த ஏழு எண்களை ஒரு தாளில் எழுதி, நிரல் எண்ணிக்கு ஒரு கட்டம், ஏ ரெஜிஸ்டருக்கு ஒரு கட்டம், கைமாற்றுக்கு ஒரு கட்டம், 16ஆம் முகவரிக்கு ஒரு கட்டம் போட்டு, ஒன்பது துடிப்புக்கும் ஒன்பது வரி எழுதட்டும். பென்சிலால் எழுதட்டும். இரண்டாவது முறை 250உடன் 10ஐக் கூட்டச் சொல்லுங்கள். எட்டு பிட்டில் 255க்கு மேல் இடமில்லை. 16ஆம் முகவரியில் 4 இருக்கும், கைமாற்றுக் கட்டத்தில் 1 இருக்கும். 260 எங்கே போனது என்று அவன் உங்களிடம் கேட்பான். 256 கைமாற்றில் இருக்கிறது, மிச்சம் 4 என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கைமாற்றை அழிக்காமல் அடுத்த பைட்டைக் கூட்டினால் பெரிய எண்களையும் கூட்டலாம். 6502இன் கூட்டல் ஏன் கைமாற்றை விடாமல் சேர்க்கிறது என்பதற்குக் காரணம் அப்போது அவனுக்கே தெரிந்துவிடும்.

அது பழகிய பிறகு ரிஸ்க்-ஃபைவ் ஆணைத் தொகுப்பைப் பார்க்கட்டும். 2010இல் பெர்க்லியில் தொடங்கிய அது யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. அடிப்படைத் தொகுப்பில் ஒவ்வோர் ஆணையும் 32 பிட், எந்தப் பிட் எதற்கு என்று தெளிவாகப் பிரித்திருப்பார்கள், வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க இலவச மென்பொருள் உண்டு. உங்கள் பழைய மடிக்கணினிக்கே அது தாராளம். எஸ்எஸ்டி போடும் வரை காத்திருக்கத் தேவையில்லை.